மீன் கொடி காட்டிய காற்று

உலகப் பிரச்சினைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதைக் காகிதத்தில் எல்லோரும் ஏற்றாகிவிட்டது. 2015இல் ஐ.நா. வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது கல்வி. அதன் 4.7ஆம் உட்பிரிவு, நீடித்த வளர்ச்சிக்கான அறிவும் திறனும் 2030க்குள் எல்லா மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் இந்தப் பேச்சு இன்னும் பழையது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்தது; கூடவே 'அமில மழை என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியும் வந்தது. அதற்கு வரி பிசகாமல் விடை எழுதும் பிள்ளையிடம், நேற்று உங்கள் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்று கேட்டால் விழிக்கும். எதையும் அளந்து பார்க்காமல் படிப்பதுதான் இந்தக் கல்வியின் கோளாறு.

அளந்து படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. ஷிசுவோகா மாகாணத்தின் நுமாசு, மிஷிமா பகுதியில் பெரிய பெட்ரோ கெமிக்கல் வளாகம் அமைக்க 1960களின் தொடக்கத்தில் திட்டமிட்டார்கள். யொக்கைச்சி நகரில் அப்படியொரு வளாகத்தின் புகையால் மக்கள் மூச்சுத்திணறிக் கிடந்த காலம் அது. இங்கே ஆலை வந்தால் புகை எந்தப் பக்கம் போகும்? நுமாசு தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கண்டறிய மாணவர்களைக் களத்தில் இறக்கினார்கள். மே 5 சிறுவர் திருநாளையொட்டி ஜப்பானிய வீடுகளில் கெண்டை மீன் வடிவத் துணிக்கொடியைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். மீனின் வாய்க்குள் காற்று புகுந்ததும் உடல் உப்பி, வால் காற்று போகும் திக்கில் நீளும். ஆக, காசு செலவில்லாமல் வீட்டுக்கு வீடு ஒரு திசைகாட்டி. 1964 மே மாதத்தில் மாணவர்கள் அந்த வால்களின் திசையைக் குறித்துக் காற்றோட்டத்தை வரைபடத்தில் கொண்டுவந்தார்கள். அரசுத் தரப்பு நிபுணர் குழு பயப்பட ஒன்றுமில்லை என்றது. மிஷிமாவிலுள்ள தேசிய மரபியல் நிறுவன விஞ்ஞானிகளும் இந்த ஆசிரியர்களும் அடங்கிய உள்ளூர்க் குழு ஆபத்து உண்டு என்றது. மக்கள் திரண்டு எதிர்க்க, அந்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. துணிமீன் மட்டுமே ஆலையைத் தடுத்துவிடவில்லைதான். ஆனால் நிபுணரோடு வாதாட ஊராரின் கையில் ஒரு கணக்கு இருந்தது.

இது பள்ளிக்கூடத்துக்குள் அரசியலைக் கொண்டுவருவதாகாதா என்று கேட்பார்கள். விளைவு அரசியல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவை முதலில் சொல்லிக்கொடுத்துக் கோஷம் போட வைப்பது வேறு, கொடியின் வாலைப் பார்த்துக் குறித்துவா என்று அனுப்புவது வேறு. பாடச்சுமை என்பது அடுத்த ஆட்சேபம். சுமையைக் குறைப்பதாகச் சொல்லி என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து இயற்கை வள மேலாண்மைப் பாடத்தையே எடுத்துவிட்டது. ஆனால் சராசரியும் வரைபடமும் ஏற்கெனவே கணக்குப் பாடத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் உள்ள எண்ணுக்குப் பதிலாக ஊரின் மழையளவைப் போட்டால் சுமை ஒன்றும் கூடிவிடாது.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஆலைப் புகை கண்ணுக்குத் தெரியும். பருவநிலை மாற்றத்தை ஒரு மாணவி எங்கே போய் அளப்பாள்? வீட்டு ஈ.பி. மீட்டரில் தொடங்கலாம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாகச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடினால் 280 கிலோ. வகுப்பில் எல்லோரும் தங்கள் வீட்டுக் கணக்கைப் பெயர் போடாமல் பலகையில் எழுதினால் அடுத்த கேள்வி தானாகவே வரும்: 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீடும் இரண்டு ஏ.சி. ஓடும் வீடும் ஒரே அளவு குறைக்க வேண்டுமா? 1992 ரியோ மாநாடு தொட்டுப் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் மல்லுக்கட்டுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.