நூற்றுக்கு எத்தனை பேர்? கல்லீரல் புற்றுநோயும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

ரத்தப் பரிசோதனையில் சித்தப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி என்று வந்தது. "கல்லீரல் கேன்சரோட வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தக் கிருமிதான்"னு ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்ப எனக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாடா?" என்று கேட்டார்.

இல்லை. எலும்பு முறிவு வார்டில் பாதிப் பேர் பைக் ஓட்டினவங்க என்று வைத்துக்கொள்வோம். அதனால் பைக் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கால் உடையும்னு ஆகிவிடாது. ஆஸ்பத்திரி, நோய் வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. கிருமி இருந்தும் வீட்டில் நலமாக இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

சரியான கணக்குக்கு நோய் வரும் முன்பே எண்ண ஆரம்பிக்கணும். தைவானில் பீஸ்லி என்ற மருத்துவரின் குழு அதைத்தான் செய்தது. 22,707 ஆண்களின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு, சராசரியாக 3 வருஷத்துக்கும் சற்று மேல் கவனித்தார்கள். 1981-இல் முடிவு வெளியானது. கிருமி இருந்த 3,454 பேரில் 40 பேருக்குக் கல்லீரல் புற்றுநோய். கிருமி இல்லாத 19,253 பேரில் ஒரே ஒருவருக்கு.

இதில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. கிருமி இருந்தால் ஆபத்து 200 மடங்குக்கும் மேல். ஆனாலும் அந்த மூன்று சொச்சம் வருஷத்தில் நோய் வந்தது நூற்றுக்கு ஒருவருக்குத்தான். பயந்து நடுங்கவும் வேண்டாம், "ஒண்ணும் ஆகாது"ன்னு விட்டுவிடவும் கூடாது. வயது ஏற ஏற இந்த ஆபத்து கூடும். கல்லீரல் சுருங்கிப்போய் சிரோசிஸ் வந்துவிட்டால் இன்னும் கூடும். அதனால்தான் அப்படிப்பட்டவர்களை 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் அதை அகற்ற வழி உண்டு.

தைவான் எண்ணியதோடு நிற்கவில்லை. 1984-இல் பச்சைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்த கல்லீரல் புற்றுநோய், 1990-94-இல் 0.36 ஆகக் குறைந்தது. ஏறக்குறைய பாதி!

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, ஸ்கேனுக்கு எப்ப போகணும்? சித்திக்கும் பிள்ளைங்களுக்கும் ரத்தம் பாக்கணும்ல?" என்றார்.

பார்க்கணும். கிருமி இல்லையென்றால், எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம்.