வெடிமருந்து இல்லாமல் வெடிக்கும் கல்!

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் இரவு மொட்டை மாடியில் படுப்பவர்களுக்கு எரிநட்சத்திரம் புதிதல்ல. சர்ரென்று ஒரு கோடு. உடனே மறைந்துவிடும். "பச்சை மரத்தைப் பாருடா!" என்று பேரனை அதட்டுவார் பாட்டி.

இவை பெரும்பாலும் மணல் அளவுத் துகள்கள்தான். பெரிய கல்லே வந்தால்?

வந்திருக்கிறது! பாளையம்பட்டிக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பெருநாழி வட்டாரம். மழைக்காக வானம் பார்க்கும் சீமை. 1857-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பட்டப்பகலில் அங்கே கல் விழுந்தது. ஒன்றல்ல, இரண்டு. பெரியது சுமார் 61 கிலோ. சிறியது சுமார் 17 கிலோ. இரண்டும் சேர்ந்தால் ஒரு மூட்டை நெல்லின் கனம்!

ஒன்றாக வந்த கல் வழியில் உடைவது எப்படி?

சிவகாசி வெடிக்கு மருந்து உண்டு, திரி உண்டு. விண்கல்லுக்கு இரண்டும் கிடையாது. வேகம்தான் அதற்கு மருந்து. விநாடிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகம். பாளையம்பட்டியிலிருந்து மதுரைக்கு இரண்டு, மூன்று விநாடிதான்!

அந்த வேகத்தில் முன்னால் உள்ள காற்று விலக நேரமில்லை. அது நசுங்கிச் சூடேறுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதுபோலத்தான். கல்லின் முன்புறம் பெரும் அழுத்தம். பின்புறம் அநேகமாக ஒன்றுமில்லை. கல்லில் பழைய விரிசல்கள் இருக்கும். அவற்றின் வழியே பிளந்துவிடுகிறது. முழு வெல்லத்தைவிடத் தட்டிய வெல்லம் சீக்கிரம் கரையும். அப்படியே சிதறிய துண்டுகள் எல்லாப் பக்கமும் காற்றில் மோதிக் கண நேரத்தில் வேகம் இழக்கின்றன. அத்தனை வேகமும் வெப்பமாக, ஒளியாக, அதிர்ச்சி அலையாக மாறுகிறது. அதுவே வெடிப்பு.

2013-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர மக்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். சுமார் 20 மீட்டர் அகலக் கல், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. காலை வேளையில் கண் கூசும் வெளிச்சம்! என்னவென்று பார்க்கப் பலர் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதுதான் வினை. ஒளி உடனே வரும்; அதிர்ச்சி அலை மெதுவாக வரும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கழித்து அது வந்து இடித்தபோது கண்ணாடிகள் நொறுங்கின. சுமார் 1,500 பேர் வைத்தியம் தேடிப் போனார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

வானத்தில் அப்படி ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகுங்கள். குழந்தைகளையும் இழுத்துக்கொள்ளுங்கள். சில நிமிஷம் கழித்துப் பார்க்கலாம்.

பெருநாழியின் பெரிய கல் அப்போதே கப்பலேறிவிட்டது. இப்போது இருப்பது லண்டன் அருங்காட்சியகத்தில். வெள்ளைக்காரர் வாயில் ஊரின் பெயர் 'பர்னாலி' ஆகிவிட்டது. கல்லின் வயது சுமார் 450 கோடி ஆண்டு.