காகிதப் புட்டிக்குள் பிளாஸ்டிக்

2021-இல் தென்கொரியாவில் ஒரு வாடிக்கையாளர், சீரம் தீர்ந்துபோன புட்டி ஒன்றை வெட்டிப் பார்த்தார். ‘ஹலோ, ஐ ஆம் பேப்பர் பாட்டில்’ என்று மேலே அச்சிட்டிருந்த புட்டி அது. தாளைப் பிரித்தால் உள்ளே முழுசாக ஒரு பிளாஸ்டிக் புட்டி! படம் இணையத்தில் பரவ, வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள்.

வழக்கமான புட்டியைவிட இதில் 51.8 சதவீதம் பிளாஸ்டிக் குறைவு என்று விளக்கம் தந்தது இன்னிஸ்ஃப்ரீ நிறுவனம். பெயரால் வந்த குழப்பத்துக்கு மன்னிப்பும் கேட்டது. பிளாஸ்டிக்கைப் பாதியாகக் குறைப்பது நல்ல காரியம்தான். அதை அப்படியே சொல்லியிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும். பாதி வேலைக்கு முழுப் பெயர் சூட்டியதுதான் தப்பு.

‘நேச்சுரல்’, ‘கிளீன்’, ‘கிரீன்’ என்று கடை அலமாரியில் வரிசை கட்டி நிற்கும் க்ரீம்களிடமும் கேட்க வேண்டியது இதைத்தான்: சொல்வது எதைப் பற்றி? உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றியா, டப்பாவைப் பற்றியா, தயாரித்த முறையைப் பற்றியா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே கேட்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த அம்சத்துக்கு அது பொருந்தும் என்று விளக்க வேண்டும். ஆதாரமும் வைத்திருக்க வேண்டும்.

ஆதாரத்தில் ஒரு பகுதி டப்பாவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. மூலப்பொருள் பட்டியலில், ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றை அளவில் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது இந்திய விதி. ஒரு சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். முன்பக்கம் முழுக்கக் கற்றாழை மடல் படம் போட்ட ஒரு ஜெல்லை எடுத்துக்கொள்வோம். பின்பக்கம் பொடி எழுத்தில் முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், இன்னும் சில, அப்புறம் பினாக்ஸிஎத்தனால், அதற்கும் பின்னால் கற்றாழைச் சாறு என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பினாக்ஸிஎத்தனால் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். அதைச் சேர்க்க அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே ஒரு சதவீதம். அப்படியானால் அதற்குப் பின்னால் வரும் கற்றாழையும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. செறிவூட்டிய சாறு என்றால் அந்த அளவே போதும் என்று நிறுவனம் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் டப்பாவில் எழுதிச் சொல்லட்டும்.

அதற்காகப் பினாக்ஸிஎத்தனாலைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அவற்றைத் தடுக்க ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும். ‘கெமிக்கல் இல்லாதது’ என்பது வெறும் பேச்சு. தண்ணீரும் கெமிக்கல்தான்.

‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்கு அளவுகோல் உண்டு. ஐரோப்பாவில் பிறந்த காஸ்மோஸ் சான்றிதழின்படி, பூசிவிட்டு அப்படியே விடும் க்ரீமில் பொதுவாக மொத்த எடையில் குறைந்தது 20 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால் போதும். கழுவிவிடும் பொருளுக்கு 10 சதவீதம். தண்ணீரை ஆர்கானிக் கணக்கில் சேர்க்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. ஆகவே முத்திரை உண்மையாக இருந்தாலும் ‘நூற்றுக்கு நூறு’ என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. அந்த நூற்றுக்கு நூறைச் சொல்லி மாட்டிக்கொண்டது அமெரிக்காவின் ட்ரூலி ஆர்கானிக். ஆர்கானிக் அல்லாத பொருள்களும் அதன் தயாரிப்புகளில் இருந்தன என்றும், ‘வீகன்’ என்று விற்றவற்றில் தேனும் பால் சர்க்கரையும் இருந்தன என்றும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 2019-இல் 17.6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது நிறுவனம்.

‘விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை’ என்ற வாசகத்துக்கு இந்தியாவில் தனி மதிப்பெண் போட வேண்டாம். 2014 முதலே இங்கே அழகுசாதனங்களை விலங்குகள் மீது சோதிக்கத் தடை இருக்கிறது.

கடைசியில் குப்பைக்குப் போகும் டப்பா. ‘மக்கும்’ என்று விற்கப்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக், ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் இயங்கும் உரமாக்கும் ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டுத் தோட்டத்து மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். ‘மறுசுழற்சிக்கு ஏற்றது’ என்று எழுதிய புட்டியின் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலும் சின்னதாக ஓர் உலோக ஸ்பிரிங் இருக்கும். பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்த அந்தத் துண்டைப் பிரித்தெடுக்கப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவர் மெனக்கெட மாட்டார். பல அடுக்கு கொண்ட ரீஃபில் பாக்கெட்டும் அப்படித்தான்: பிளாஸ்டிக் எடை குறைவு, ஆனால் மறுசுழற்சி கடினம். எதில் சேதம் குறைவு என்று எடைபோட நிறுவனம் எண்களைத் தர வேண்டும். வாங்குபவர் ஊகிக்க வேண்டியதில்லை.

கேட்டும் பதில் வரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து, ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தால் புகாருக்கு வலு சேரும்.