“எனக்கு ஒன்னுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்!”

வயதான பெற்றோரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். இன்னொரு முறை கேட்டால், “என் உடம்பு எனக்குத் தெரியாதா?” என்பார்கள். விடாமல் கேட்டால், “யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்” என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

இதைப் பிடிவாதம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கோ அதுதான் பொறுப்பு. தோட்டத்தில் பால்மரம் சீவிய தலைமுறைக்கு, ஒருநாள் படுத்தால் ஒருநாள் சம்பளம் போய்விடும். எழுந்து வேலைக்குப் போக முடிந்தால் நோய் இல்லை என்பதே அவர்கள் கணக்கு.

இனிப்பு நீர் இந்தக் கணக்குக்குள் அடங்காது. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை. நாளடைவில் நரம்பு கெட்டுக் காலில் உணர்வு குறைந்தால், புண் வந்தாலும் தெரியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 10 பேரில் சுமார் மூவருக்கு இந்நோய் இருந்தது.

மறைப்பதற்கு இன்னொரு காரணம், வெட்கம். “வாயைக் கட்டத் தெரியாதா?” என்று வீட்டில் ஏச்சு விழும். அதனால் கிளினிக்குக்குப் போகும் முன் இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருப்பார்கள். ஆனால் எச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும். டாக்டர் இன்சுலின் ஊசி என்றால், தப்பு செய்ததற்குத் தண்டனை என்று எண்ணிப் பயப்படுவார்கள். உணவுக் கட்டுப்பாடு முக்கியம்தான். ஆனால் பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுகள் போகப் போக கணையம் தளர்வதால், ஒழுங்காக மருந்து சாப்பிட்டவருக்கும் ஊசி தேவைப்படலாம். இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வது பிள்ளைகள் கடமை.

கேட்கும் விதத்தையும் மாற்றலாம். “சொன்னா கேக்குறீங்களா?” என்றால் வாய் மூடிக்கொள்ளும். “இந்தத் தடவை எவ்வளவு காட்டுச்சுப்பா? டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டால் பேச்சு வளரும். வாரம் ஒருமுறையாவது கால் விரலிடுக்கையும் பாதத்தையும் நாமே பார்க்கலாம். கடைக்குப் போனால் அவருக்கு மட்டும் தே ஓ கோசோங் சொல்லிவிட்டு, நாம் தே தாரேக் குடிக்காமல் இருக்கலாம்.

பாரமாக இருக்கக் கூடாது என்று நினைப்பவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: “இப்பவே சொல்லிட்டா எங்களுக்குச் சுலபம்ப்பா. மறைச்சாத்தான் பாரம்.”