எழுத்தழகும் நம் இல்லச் சுவர்களும்



நம் இல்லங்களின் சுவர்களை அரபு எழுத்தோவியங்கள் அலங்கரிக்கின்றன. விலை கொடுத்து வாங்கி மாட்டிய நாம், அவற்றின் முன் ஒரு நிமிடம் நின்று பார்த்ததுண்டா?

அப்பாஸியக் கலீஃபாக்களின் அமைச்சராக விளங்கிய இப்னு முக்லா (மறைவு கி.பி. 940) எழுத்துக்கு அளவு வகுத்தார். நாணல் எழுதுகோலின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரம் புள்ளிகளால் அளக்கப்படும். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தை ஒட்டியே பிற எழுத்துகளின் வளைவுகள் அமையும். நம் கண்களைக் குளிர்விப்பது இந்த ஒழுங்கே.

அவ்வழியில் வந்த இப்னுல் பவ்வாப், ஹிஜ்ரி 391-இல் பக்தாதில் எழுதி முடித்த திருக்குர்ஆன் பிரதி, அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆயிரமாண்டு கடந்தும் அதனை வாசிக்க முடிகிறது.

ஆசிரியரிடம் பல்லாண்டுகள் பயின்று ‘இஜாஸா’ பெற்ற பின்னரே மாணவர் தம் எழுத்தில் கையொப்பமிடுவது இக்கலையின் மரபு. எத்தகைய பணிவு!

பெற்றோர்களே! சுவரிலுள்ள வரியைப் பிள்ளைகளுக்கு ஓதிக் காட்டுங்கள், பொருளை விளக்குங்கள், ஆர்வமுள்ள பிள்ளையின் கையில் நாணல் எழுதுகோலைக் கொடுங்கள். பொருளறியாமல் மாட்டி வைத்த வசனத்தின் மீது தூசுதான் படியும்.

அழகை விரும்பும் அல்லாஹ், அதன் பொருளையும் உணர்ந்து வாழ நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.