இலவச வீடும் இரவல் முகவரியும்

உங்களில் பலர் கதை, கவிதை, அறிவியல் குறிப்பு என்று எழுதிப் பார்ப்பீர்கள். அவற்றை உலகமே படிக்கும்படி இணையத்தில் வெளியிட இன்று ஒரு காசு கூடச் செலவில்லை. பெயரைப் பதிந்து கொண்டால் போதும்; சில நிமிடங்களில் உங்களுக்கென்று ஒரு வலைப்பூ தயார். நல்ல வசதிதான். ஆனால் அந்த வலைப்பூ உண்மையில் யாருடையது? இதற்கு விடை காண, முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

எங்கே இருக்கிறது?

'இணையத்தில் இருக்கிறது' என்றால் ஏதோ ஆகாயத்தில் மிதப்பதுபோல் தோன்றும். அப்படியல்ல. நீங்கள் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு கணினிக்குள் பதிந்திருக்கிறது. நிமிடத்திற்கு 7200 தடவை சுழலும் காந்தத் தட்டுகள் அங்கே ஏராளம். அவை இரவு பகலாக ஓட மின்சாரம் வேண்டும். செலவாகும் மின்னாற்றல் வெப்பமாக மாறுமல்லவா? ஆகவே குளிர்விக்கவும் வேண்டும். பழுதான தட்டுகளை மாற்ற ஆட்களும் வேண்டும். இத்தனைக்கும் நீங்கள் பணம் தரவில்லை. அப்படியானால் யார் தருகிறார்கள்? பெரும்பாலும் விளம்பரம் செய்வோர்தாம். அந்த வருமானம் போதாது என்று நிறுவனம் கருதினால் என்ன ஆகும்?

ஒரு நகரம் மறைந்த கதை

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஜியோசிட்டீஸ்' என்னும் சேவை தொடங்கியது. யார் வேண்டுமானாலும் அங்கே இலவசமாக இணையப் பக்கம் அமைக்கலாம். திரைப்படம், அறிவியல் கதை என்று பொருளுக்கு ஒரு 'பேட்டை' இருந்தது. 1997இல் பக்கங்களில் விளம்பரங்கள் நுழைந்தன. எழுதியவரைக் கேட்டு அவை வரவில்லை. 1999இல் யாஹூ நிறுவனம் இந்தச் சேவையை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு அது வெளியிட்ட புதிய விதிகள், எழுதியவர்களின் உரிமையையே பறிப்பதுபோல் இருந்தன. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே, விதிகள் திருத்தப்பட்டன.

2009 அக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்க ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. அதில் உருவான பக்கங்கள் குறைந்தது 3 கோடியே 80 லட்சம் என்பார்கள். தன்னார்வத் தொண்டர்களும் 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்னும் இணைய ஆவணகமும் விரைந்து பிரதி எடுத்ததால் ஒரு பகுதி தப்பியது. மற்றவை போனவை போனவைதான்.

'பணம் கட்டினால் பயமில்லை' என்று நினைக்கிறீர்களா? கட்டணம் வாங்கி நடந்து வந்த 'டைப்பேட்' என்னும் வலைப்பதிவுச் சேவையும் 2025 செப்டம்பர் 30ஆம் நாள் மூடப்பட்டுவிட்டது!

முகவரி யாருடையது?

இன்னொரு சங்கடமும் உண்டு. இலவச வலைப்பூவின் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நண்பர் வீட்டு முகவரிக்கு உங்கள் கடிதங்களை வரவழைப்பது போன்றது இது. அவர் வீட்டைக் காலி செய்தால் உங்கள் கடிதங்கள் எங்கே போகும்?

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அடையாளம் காண்கின்றன. நாம் தட்டும் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு 1983இல் உருவானது. உங்களுக்கென்று தனிப்பெயர் ஒன்றை ஆண்டுக் கட்டணம் கட்டிப் பதிவு செய்தால், அந்தப் பெயர் எந்தக் கணினியைச் சுட்ட வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். ஒரு நிறுவனம் மூடினால் இன்னொன்றுக்கு மாறலாம். வாசகர்கள் பழைய முகவரியிலேயே உங்களைக் காண்பார்கள். ஆனால் ஆண்டுதோறும் கட்டணம் கட்ட மறக்கக் கூடாது. மறந்தால் பெயர் கைமாறிவிடக் கூடும்.

ஒரு சிறு கணக்கு

தனிப்பெயர் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். செலவில்லாத பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: பிரதி எடுத்து வைப்பது. அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவை. 'க' ஒரு குறி. 'கி' என்பது 'க'வும் அதன் மேல்விலங்கும் சேர்ந்து இரண்டு குறி. ஒரு கட்டுரையில் 5000 குறிகள் என்றால் 15,000 பைட். ஆயிரம் கட்டுரைகளுக்கு 1 கோடியே 50 லட்சம் பைட், அதாவது 15 மெகாபைட். 16 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவில் இது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான்! உங்கள் வாழ்நாள் எழுத்து சட்டைப் பையில் அடங்கிவிடும்.

பிளாக்கர், வேர்ட்பிரஸ்.காம் இரண்டிலும் எழுதியவற்றை மொத்தமாக ஒரு கோப்பில் இறக்கிக் கொள்ள வழி உண்டு. ஆனால் படங்கள் இருக்கும் இடங்களின் முகவரிகள்தாம் அந்தக் கோப்பில் இருக்கும், படங்கள் இருக்கமாட்டா. அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும். பிரதியும் ஒன்றாக இருந்தால் போதாது. இரண்டு எடுத்து, வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

இலவச வலைப்பூவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதிப் பழக அது நல்ல களம். அங்கே வெளியிடுங்கள், மூலத்தை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வலைப்பூ வைத்திருப்போர் இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பிரதியை எடுத்துவிடலாமே!