மாதேஸ்வரன் மலைக்கு ஒரு ரயில் பாதை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கோடை விடுமுறையில், பெங்களூரில் படிக்கும் என் பத்து வயதுப் பேரனை மாதேஸ்வரன் மலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மைசூரிலிருந்து கொள்ளேகால், ஹனூர் வழியாகப் பேருந்துப் பயணம். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை இந்த மலை மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. சேலம், தருமபுரி, ஈரோடு பக்கத்து மக்கள் மேட்டூர், பாலாறு வழியாக வந்து கும்பிடும் தலம் இது. புலி வாகனமேறிய மாதேஸ்வரர் சந்நிதியில் கன்னடமும் தமிழும் கலந்தே காதில் விழும்.

மலைப்பாதை வளைவுகளில் தலை சுற்றிப்போன பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க ரயில்வேயிலதானே இருந்தீங்க? இங்கே ஏன் ரயில் போடலை?"

கர்நாடகப் பக்கம் சாமராஜநகரிலும், தமிழ்நாட்டுப் பக்கம் மேட்டூர் அணையிலும் பாதை நின்றுவிடுகிறது என்றேன். சக்லேஷ்பூர் - சுப்ரமண்யா மலைப்பாதையில் 50 அடி ஓடினால் 1 அடி ஏற்றம். அதற்கே 57 சுரங்கங்கள் குடைய வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி ஏறும் வண்டிக்குச் சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு 1 அடி ஏற்றம்; அதனால்தான் அங்கே பல்சக்கரம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நாம வீட்டிலேயே போடுவோம்" என்று முடித்துவிட்டான்.

அவன் அப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த எச்.ஓ. அளவு ரயில் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. தாத்தாவுக்கும் பேரனுக்கும் வேலை கிடைத்தது.

நான் செய்த தவறு

எட்டுக்கு நாலடி, 6 மி.மீ. பிளைவுட் ஒன்று வாங்கினேன். இரண்டு முனைகளிலும் டிரங்குப் பெட்டிகளை வைத்து அதன்மேல் பலகையைப் போட்டேன். மேற்புறம் பச்சைப் பெயிண்ட். நாலே நாளில் வண்டி ஓடியது. பேரன் மகிழ்ச்சியோடு ஊருக்குப் போனான்.

தசரா விடுமுறைக்கு வந்தவன் வண்டியை ஓடவிட்டான். அரைச் சுற்றுகூடப் போகவில்லை, தடம் புரண்டது. தூக்கி வைத்தான்; மறுபடியும் புரண்டது. "தாத்தா, நான் தண்டவாளத்தைச் சரியாப் பூட்டலையா?" என்று கேட்கும்போதே அவன் கண் கலங்கிவிட்டது.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். மழைக்காலம் முழுவதும் ஈரம் குடித்த பலகை நடுவில் முக்கால் அங்குலம் தொய்ந்திருந்தது. ஓர் இணைப்பில் தண்டவாளம் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். 87 மடங்கு பெருக்கிப் பாருங்கள். நிஜப் பாதையில் அது மூன்றரை அங்குலப் பள்ளம்! அப்படிப்பட்ட இடத்தில் நானே சிவப்புக் கொடி பிடித்து வண்டியை நிறுத்தியிருப்பேன்.

டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை, "தண்டவாளம் நெளிந்தால் தண்டவாளத்தைத் திட்டாதே, அடியில் உள்ள ஜல்லியையும் மண்கரையையும் பார்" என்று கேங் ஆட்களுக்குச் சொல்லி வந்தவன் நான். வீட்டில் அதையே மறந்தேன். "தப்பு உன்னுடையது இல்லடா கண்ணா, தாத்தாவுடையது" என்று அவனிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

மறுபடியும் கட்டியது

இந்த முறை அவசரப்படவில்லை. தசராவில் வாங்கிய மரச் சட்டங்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை கூடத்திலேயே, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கி வைத்தோம். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். நம் வீட்டுக் காற்றுக்கு அது பழகிய பிறகு அறுப்பதே நல்லது.

அடுத்து, சட்டத்தை நிறுத்தி வைப்பது. இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனமுள்ள சட்டத்தைப் படுக்கவைப்பதைவிட நிறுத்தி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பு. மர ஸ்கேலைப் படுக்கவைத்து அழுத்துங்கள், வளையும். நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. பேரனுக்கு இப்படித்தான் காட்டினேன்.

நாங்கள் பின்பற்றியது, 'மாடல் ரெயில்ரோடர்' என்ற அமெரிக்கப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960-களில் பரப்பிய முறை. மூன்று அங்குலச் சட்டத்தை நிறுத்தி, அதன் தலைமேல் இரண்டு அங்குலச் சட்டத்தைப் படுக்கவைத்து, பசையும் திருகாணியும் போட்டு இணைத்தால் தலைகீழான 'எல்' எழுத்துப் போன்ற உத்தரம் கிடைக்கும். எட்டடி நீளத்தில் இப்படி இரண்டு. கால்களை முனைகளில் வைக்கவில்லை. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 19 அங்குலம் உள்ளே தள்ளி வைத்தோம். தாங்கலுக்கு இடையே உள்ள தூரம் இரட்டித்தால் அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். கால்களை உள்ளே தள்ளினால் நடுவில் தொய்வு குறையும், முனைகளும் தாங்கும். தரை எல்லா இடத்திலும் மட்டமாக இராது. ஆகவே ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட். அதைத் திருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம்.

உத்தரங்களின்மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஏழு குறுக்குச் சட்டங்கள், நாலடி நீளத்தில். திருகாணிகளை அடியிலிருந்தே போட வேண்டும். பின்னால் ஒரு சட்டத்தை நகர்த்த வேண்டுமானால் மேலே உள்ள பாதையைப் பிரிக்க வேண்டாம். மின்கம்பிக்கான துளைகளைச் சட்டங்களைப் பொருத்தும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பாதைக்கு முழுப் பலகை தேவையில்லை. ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரக 12 மி.மீ. பிளைவுட்டை மூன்று அங்குல அகலத்தில் பாதையின் வடிவத்துக்கே அறுத்து, முட்டுக்கட்டைகள்மேல் நிறுத்தினோம். 18 அங்குல ஆரமுள்ள வளைவுகளோடு ஒரு சுற்று சுமார் 17 அடி. சக்லேஷ்பூர் பாதையைப் போல 50-க்கு 1 என்று வைத்தால் ஒரு சுற்றில் நாலு அங்குலம் ஏறும். கீழே செல்லும் வண்டிக்கு இடம் தாராளம். நேர்ப்பாதையில் ஒவ்வொரு முட்டும் முந்தையதைவிட 8 மி.மீ. உயரம். அந்தக் கணக்கைப் பேரனே போட்டான்.

கடைசியாக, அடிப்புறத்துக்கும் பெயிண்ட். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்புறம் ஈரம் குடித்துப் பலகை வளையும். என் முதல் பலகை அப்படித்தான் கெட்டது.

மழைக்குப் பின்

சென்ற ஆண்டு மழைக்காலம் கழிந்து தசராவுக்கு அவன் வந்தபோது, எனக்குத்தான் வயிற்றில் கலக்கம். அவன் முதலில் ரயிலைத் தொடவில்லை, ரசமட்டத்தை எடுத்தான்! குமிழி நடுவிலேயே நின்றது. வண்டி இரண்டு சுற்று ஏறி உச்சி நிலையத்தில் போய் நின்றது.

நிலையத்துக்குப் பெயர்ப்பலகை வேண்டுமே? கன்னடத்தில் அவனே எழுதினான். தமிழில் எழுத 'ஸ்வ' வரவில்லை என்று என்னிடம் வந்தான். நாலு முறை எழுதிப் பார்த்து, ஐந்தாம் முறை 'மாதேஸ்வரன் மலை' என்று அழகாக எழுதி ஒட்டினான். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளை. அந்தப் பலகையை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விடுமுறையில் குழந்தைகளை மைசூரில் 1979-ல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். புனே பக்கம் போனால் 1998-ல் திறந்த ஜோஷி அவர்களின் சிறு ரயில் அருங்காட்சியகத்தையும் காட்டுங்கள். பிறகு வீட்டிலும் ஒன்று கட்டுங்கள். ரயில் வாங்கும் பணத்தில் கொஞ்சம் மரத்துக்கும், கொஞ்சம் காலத்தைப் பொறுமைக்கும் ஒதுக்குங்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?